கடலோர மேசையை நம்பாதீர்கள்

வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குப் போகிறவர், அங்கே நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நாலு பதில்கள் தயாராக இருக்கின்றன. கடலோரமாகப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் கூட்டமாக இருக்கிற கடையாகப் பாருங்கள். தொட்டியில் உயிரோடு நீந்துவதைக் காட்டி அதையே சமைக்கச் சொல்லுங்கள். ஐஸ் மீனைத் தொடாதீர்கள். பயணக் கட்டுரைகளில் இதுதான் இருக்கிறது, யூடியூபில் இதுதான் இருக்கிறது, சிங்கப்பூரும் துபாயும் போய்வந்த மாமாவும் இதைத்தான் சொல்கிறார். எல்லோருக்கும் தெரிந்த உண்மைபோலத் தோன்றுவதால் யாரும் நின்று யோசிப்பதில்லை.

நான் இதை மறுக்கிறேன். இந்த நாலு பதில்களும் ஒரே நம்பிக்கையிலிருந்து கிளைத்தவை: மீன் எப்படியிருக்கும் என்பதை நாம் உட்காரும் இடத்தை வைத்தே கணித்துவிடலாம் என்கிற நம்பிக்கை. ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. ஐஸ் தொழிற்சாலையும் குளிர்சாதன லாரியும் வந்தபிறகு அதற்கு அடிப்படை போய்விட்டது. வெளியூர்க்காரர் தேட வேண்டியவை இரண்டு: அந்த ஊரில் எந்த மாதம் எந்த மீன் என்கிற கணக்கு, அந்த ஊரின் மீன் சந்தை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு அலையைப் பார்த்து உட்காருகிறவர், நல்ல மீனுக்கான விலையைக் கொடுத்துவிட்டுச் சுமாரான மீனைச் சாப்பிட்டு வருகிறார். வந்து, அதே யோசனையை அடுத்தவருக்கும் சொல்கிறார்.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் எதையும் நிறுவ முடியாது. ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன்: இஸ்தான்புல். கடலோர யோசனைக்கு உலகத்திலேயே இதைவிடச் சாதகமான ஊர் கிடையாது. ஊருக்கு நடுவிலேயே கடல் ஓடுகிறது. ஒருபக்கம் கருங்கடல், மறுபக்கம் மர்மரா கடல், இரண்டையும் இணைக்கும் போஸ்பரஸ் நீரிணை. கலாட்டா பாலத்தின் மேல்தளத்தில் நாள் முழுக்கத் தூண்டில்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கீழ்த்தளத்தில் வரிசையாக மீன் உணவகங்கள். இந்தப் பாலத்தடியில் தோற்றுப்போகிற யோசனை வேறெங்கும் தேறாது.

பாலத்தைச் சுற்றி விற்கும் மிகப் புகழ்பெற்ற பண்டம் மீன் ரொட்டி. இரும்புத் தட்டில் சுட்ட மீன் துண்டத்தை வெங்காயம், கீரையோடு ரொட்டிக்குள் வைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். கண்முன்னே தண்ணீர், பின்னால் மசூதியின் கோபுரங்கள், கையில் சுடச்சுட மீன். இந்தத் தண்ணீரில் பிடித்த மீனைச் சாப்பிடுகிறோம் என்று வாங்குகிறவர் ஒவ்வொருவரும் நினைக்கிறார். ரொட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் நார்வேயிலிருந்து உறைய வைத்து வந்த கானாங்கெளுத்தி இனம். இதே இனம் ஒரு காலத்தில் மர்மராவில் ஏராளமாகப் பிடிபட்டது. கடந்த நூற்றாண்டின் பின்பாதியில் அது அங்கே ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ரொட்டி நின்றது, மீன் மட்டும் மாறியது. மீன் ரொட்டி மோசமான சாப்பாடு என்று நான் சொல்லவில்லை. கொழுப்பேறிய அந்த நார்வே மீன் சுடுவதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் பக்கத்தில் கடல் இருப்பதற்கும் அந்த மீனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடல் அங்கே திரைச்சீலை வேலை பார்க்கிறது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சம்பந்தம் இருந்தது. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இந்த இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வடக்கே குஞ்சு பொரித்த சூரை மீன் கூட்டம் கருங்கடல் கரையோரமாகவே வளர்ந்து வளர்ந்து நீரிணைக்குள் வருகிறது. ஆசியக் கரையில் ஒரு வெள்ளைப் பாறையைக் கண்டு மிரண்டு எதிர்க்கரைக்குத் திரும்புகிறது. நீரோட்டம் அதைப் பொற்கொம்பு வளைகுடாவுக்குள் தள்ளுகிறது. அங்கே கையாலேயே அள்ளிப் பிடிக்கலாம் என்கிறார் அவர். பைசாண்டியம் என்ற பழைய நகரம் செழித்ததற்கு இந்த மீன் வரத்தும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் கரையில் உட்கார்ந்து மீன் கேட்பது அறிவுள்ள செயல். சூரை கெட்டுப்போக அரைநாள் வெயில் போதும். கரையை விட்டு நகர்ந்தால் உப்புக்கண்டம்தான்.

கடலோர யோசனையின் வேர் அங்கே இருக்கிறது, அந்த வேரை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று இஸ்தான்புல்லில் மீன் எந்த வழியாக வருகிறது? மொத்த மீன் சந்தை பல காலம் பழைய நகரத்தின் கும்காப்பியில் இருந்தது. அந்தப் பகுதியில் மீன் உணவகங்கள் முளைத்ததற்கு அது இயல்பான காரணம். இப்போது அந்தச் சந்தை நகரத்தின் மேற்குக் கோடியில் உள்ள குர்பினாருக்குப் போய்விட்டது. கும்காப்பி உணவகமும், கடலே தெரியாத ஏதோ ஒரு குடியிருப்புப் பகுதியின் உணவகமும் விடியற்காலையில் ஒரே சந்தையிலிருந்து ஒரே மாதிரி வண்டியில்தான் மீன் எடுக்கின்றன. கடல் தெரிகிற கடைக்கு வாடகை கூடுதல். அந்த வாடகையை யாராவது கட்டித்தானே ஆக வேண்டும்? ஒன்று விலையில் ஏறும், இல்லையென்றால் மீனின் தரத்தில் இறங்கும். திரும்பி வரவே போகாத வாடிக்கையாளரை நம்பி நடக்கும் கடையில் இரண்டும் நடக்கும்.

கடலோரக் கட்சிக்காரர்கள் பதில் சொல்ல முடியாத ஊர் ஒன்று இருக்கிறது. மத்ரித். ஸ்பெயினின் நட்டநடுவில், எந்தக் கடலுக்கும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஸ்பெயினின் மிகச் சிறந்த துறைமுகம் மத்ரித் என்று அந்த நாட்டிலேயே பேச்சு உண்டு. அங்குள்ள மெர்காமத்ரித் மொத்தச் சந்தையின் மீன் பிரிவு உலகத்தின் மிகப் பெரிய மீன் சந்தைகளில் ஒன்று. டோக்கியோவுக்கு அடுத்தபடி வைத்துப் பேசுவார்கள். கலீசியக் கடற்கரையில் ஏலம் போன மீன் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் லாரியில் வந்து விடிவதற்குள் அங்கே இறங்குகிறது. லாரிக்கு முன்னால் இதே வேலையை மராகாதோ என்ற கோவேறு கழுதைக்காரர்கள் செய்தார்கள். குளிர்காலத்தில் மலைகளைத் தாண்டி அவர்கள் கொண்டுவந்த பெசூகோ மீனை அடுப்பில் வாட்டி கிறிஸ்துமஸ் இரவில் சாப்பிடுவது மத்ரித் குடும்பங்களின் வழக்கமாயிற்று.

ஏன் இப்படி? பணம்தான் காரணம். ஏலக்கூடத்தில் நிற்கிற வியாபாரி, முதல்தர மீனை யார் அதிக விலை கொடுப்பார்களோ அவர்களுக்கு அனுப்புகிறார். தலைநகரத்தில் கொடுப்பார்கள். பிடித்த ஊரில் இரண்டாம் தரம் தங்கும். இது நமக்குப் புதிதா என்ன? பாக் நீரிணையில் பிடிபடும் நல்ல நீல நண்டு எந்தக் கப்பலேறி எந்த நாட்டுக்குப் போகிறது என்று மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் கரையில் கண்ணால் பார்க்கிற இந்த உண்மையை, விமானம் ஏறியதும் நாம் ஏன் மறந்துவிட வேண்டும்?

கடலுக்குப் பக்கம் என்பது சில சமயம் பயனில்லாதது மட்டுமல்ல, கெடுதலும்கூட. மட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்தான்புல் தெருக்களில் மசாலா சாதம் அடைத்த மட்டியை எலுமிச்சையோடு விற்பார்கள், சுவைக்குக் குறைவில்லை. ஆனால் மட்டி தண்ணீரை வடிகட்டி வாழும் உயிர். அது இருக்கும் தண்ணீரில் எது கலந்திருக்கிறதோ அது அதன் சதையில் சேரும். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தின் படகுத்துறைத் தூணிலிருந்து பிடுங்கிய மட்டிதான் இருப்பதிலேயே அருகில் கிடைத்த மட்டி, அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டி எடுக்கும் நீர்ப்பகுதிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் தர நீரிலிருந்து நேரடியாக விற்கலாம். அடுத்த தரம் என்றால் சுத்தமான நீரில் வைத்துக் கழுவியெடுத்த பிறகே விற்க வேண்டும். 2021 கோடையில் மர்மரா கடலின் மேற்பரப்பில் சளிபோன்ற கசடு பாய் விரித்ததை உலகமே பார்த்தது. அந்த வருடம் அந்தக் கரையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தவர் எதைப் பார்த்து நம்பிக்கை கொண்டிருப்பார்?

அடுத்தது ஐஸ் மீன் மேல் உள்ள வெறுப்பு. இது படித்தவர்களிடம்தான் அதிகம். இத்தாலியில் மெனு அட்டையில் ஒரு மீனின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அது உறைய வைத்த மீன் என்று அர்த்தம். சுற்றுலா வந்தவர்கள் அந்தக் குறியைக் கண்டதும் எழுந்துவிடுகிறார்கள். உறைய வைத்ததைச் சொல்லாமல் பரிமாறுவது அங்கே வணிக மோசடி. ஆகவே குறி போட்ட கடை உண்மையைச் சொன்ன கடை. அதைவிட்டு எழுந்து, ஆகஸ்ட் மாத நடுவில் முப்பது வகை மீனையும் ‘இன்று பிடித்தது’ என்று சொல்கிற அடுத்த கடையில் போய் உட்காருகிறவர் உண்மையைத் தண்டித்துவிட்டுப் போகிறார்.

பச்சையாகவோ அரைப்பச்சையாகவோ சாப்பிடும் மீனை முதலில் உறைய வைத்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35-ல் 15 மணி நேரம். அனிசாகிஸ் என்கிற புழு மீனின் சதைக்குள் இருக்கலாம். குளிர்தான் அதைக் கொல்லும். மத்ரித்தின் மதுக்கடைகளில் காடியில் ஊறிய வெள்ளை நெத்திலி கொடுப்பார்கள். அதைத் தின்றுவிட்டு, கடலிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்ததாகப் புகழாதவர் குறைவு. அது குளிரில் கிடந்து வந்தது, கிடந்திருக்கவும் வேண்டும். டோக்கியோவின் டோயோசு சந்தையில் காலையில் வரிசையாகக் கிடக்கும் உறைந்த சூரைகளைப் பாருங்கள். தூரக்கடலில் பிடித்த கையோடு கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரிக்குக் கொண்டுபோனவை அவை. சுஷி என்றால் என்னவென்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஊர் இதை ஏற்கிறது. பிடித்த மீனைக் கப்பலின் தளத்தில் அரைநாள் வெயிலில் போட்டுவைத்துக் கரைக்குக் கொண்டுவந்தால் அது ‘பச்சை மீன்’. பிடித்த மணியிலேயே உறைய வைத்தால் அது ‘ஐஸ் மீன்’. எதைச் சாப்பிட வேண்டும் என்று மீனை அறுத்துப் பழகியவரைக் கேளுங்கள், இடத்தைப் பார்க்கிறவரைக் கேட்காதீர்கள்.

உயிர்த் தொட்டி பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஹாங்காங்கின் சாய்குங் கரையில் அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள், எதிரே கடல். தொட்டியில் இருக்கும் களவா மீன்களில் பெரும்பங்கு அந்தக் கடலைச் சேர்ந்ததே அல்ல. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பவளப்பாறைகளில் பிடித்து உயிரோடு கொண்டுவரப்படும் மீன்களின் பெரிய சந்தை ஹாங்காங். பயணத்திலும் தொட்டியிலும் இரை இல்லாமல் நாட்கள் கழித்த மீன் தன் சதையையே கரைத்துக்கொண்டு வாழ்கிறது. நீந்துவது உயிர் இருப்பதற்குச் சாட்சி, ருசி இருப்பதற்குச் சாட்சியாகாது. கன்டோனியக் குடும்பங்கள் வேறு பல குறிகளைப் பார்த்துத்தான் தொட்டி மீனைத் தேர்ந்தெடுக்கின்றன. நாம் நீச்சலை மட்டும் பார்க்கிறோம்.

உள்ளூர்க்காரர் கூட்டம் என்கிற யோசனைதான் இவற்றில் கெட்டிக்காரத்தனமானது, அதனால் கூடுதல் கவனத்தோடு மறுக்க வேண்டியது. உள்ளூர்க்காரருக்குத் தெரியும் என்பது உண்மை. அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி. இஸ்தான்புல்லில் ஒரு குடும்பமோ நண்பர் கூட்டமோ மாலையில் மீன் உணவகத்துக்குப் போவது மூன்று நான்கு மணி நேர விஷயம். ராக்கி மது, வெள்ளைப் பாலாடைக்கட்டி, முலாம்பழம், சின்னச் சின்னத் தட்டுகளில் மெஸே எனும் தொடுகறிகள் ஏழெட்டு, பேச்சு, பாட்டு. மீன் கடைசியில்தான் வரும். அது பருவ மீனாக இல்லாவிட்டால் அவர்கள் மெஸேயோடு முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்த வெளியூர்க்காரர் கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்தவர். அவர்கள் தொடாத மீனை ஆர்டர் செய்கிறார். நாற்காலியைப் பின்பற்றினார், தட்டைப் பின்பற்றவில்லை.

இணையத்தில் கொடுக்கும் நட்சத்திரங்களுக்கும் இதே குறை. ஒரு மீன் கடைக்கு வந்த ஆயிரம் மதிப்பெண்ணில் அக்டோபரில் சாப்பிட்டவரும் ஜூனில் சாப்பிட்டவரும் கலந்திருக்கிறார்கள். சராசரி போட்டால் பருவம் காணாமல் போகிறது. மீனைப் பொறுத்தவரை பருவத்தை மறைக்கிற மதிப்பெண் எதையும் சொல்லாத மதிப்பெண்.

நான் சொல்ல வந்ததன் நடு இதுதான்: மாதம். துருக்கியில் ஏப்ரல் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை இழுவலைப் படகுகளுக்கும் சுருக்குமடி வலைப் படகுகளுக்கும் தடை. செப்டம்பர் 1 பிறந்ததும் படகுகள் கிளம்பும், அதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். முதலில் பலாமுட் என்கிற சூரை இனம். இலையுதிர் காலத்தில் கருங்கடலிலிருந்து தெற்கே இறங்கும் கூட்டம் நீரிணை வழியாக வரும். வரத்து நல்லபடியாக இருக்கும் ஆண்டில் விலை மளமளவென்று இறங்கி, ஊரே பலாமுட் சாப்பிடும். அக்டோபர், நவம்பரில் லூஃபர். இஸ்தான்புல்காரர்கள் எல்லா மீனுக்கும் மேலாக வைத்துக் கொண்டாடுவது இதைத்தான். குளிர் ஏறியதும் ஹம்சி நெத்திலி, சோளமாவில் புரட்டி வட்டமாக அடுக்கிப் பொரித்தது. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் கல்கன் என்கிற பெரிய தட்டை மீன்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இந்த ஏப்ரல் 15 என்ற தேதி எங்கேயோ கேட்டதாக இருக்க வேண்டும். நம் கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலமும் அதே நாளில்தான் தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுகள் போகும். மே மாதத்தில் சென்னையில் வஞ்சிரம் என்ன விலை விற்கும், அது கேரளத்திலிருந்து வந்ததா குளிர்கிடங்கிலிருந்து வந்ததா என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்காமல் வாங்குவார்களா? அதே குடும்பம் பள்ளி விடுமுறையில், அதே மே மாதத்தில், இஸ்தான்புல் போகிறது. போனதும் பாலத்தடியில் உட்கார்ந்து ‘இன்றைக்குப் பிடித்த கடல் மீன்’ கேட்கிறது. அங்கேயும் பெரிய படகுகள் கரையில்தான் கட்டிக் கிடக்கின்றன. தன் ஊரில் கைவசம் இருக்கும் அறிவை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போக வைப்பதுதான் இந்தக் கடலோர யோசனை செய்கிற பெரிய கெடுதல்.

அந்த அறிவை எங்கே பயன்படுத்துவது? சந்தையில். நகரத்தின் ஆசியக் கரையில் காடிகோய் என்ற இடத்தில் ஒரு சில்லறைச் சந்தை இருக்கிறது. படகில் இருபது நிமிடம். படகுத்துறையிலிருந்து கொஞ்சம் உள்ளே நடந்தால் சந்துகளில் மீன் கடைகள். சிவப்பு வண்ணம் அடித்த வட்டத் தட்டுகளில், தலை வெளிப்பக்கம் தெரிய, மீன்களை வட்டமாக அடுக்கியிருப்பார்கள். தட்டுக்கு மேலே மஞ்சள் பல்புகள். பலாமுட், லூஃபர் காலத்தில் ஒவ்வொரு மீனின் செவுளையும் வெளியே இழுத்து விரித்து வைத்திருப்பார்கள், நாம் விரலால் தூக்கிப் பார்க்கிற வேலையை அவர்களே செய்துவிட்டதுபோல. பளிச்சென்ற ரத்தச் சிவப்பு இருக்கிறதா, பழுப்பேறியிருக்கிறதா என்று இரண்டடி தள்ளி நின்றே பார்த்துவிடலாம். வசந்தம் போய்க் கோடையில் அதே தட்டுகளில் லெவ்ரெக், சுப்ரா என்கிற இரண்டு மீன்களே அதிகம் இருக்கும். எல்லாம் ஒரே நீளம், ஒரே எடை. கடலில் வளர்ந்த மீன் இப்படி ஒரே அளவாக வராது. இவை ஏஜியன் கடலோரப் பண்ணைகளில் வளர்ந்தவை. ஐரோப்பாவுக்கே துருக்கிதான் இந்த மீன்களை ஏராளமாக அனுப்புகிறது. கடைக்காரர்கள் அட்டையிலேயே எழுதி வைத்திருப்பார்கள், கடல் மீன் என்றும் பண்ணை மீன் என்றும். விலை வித்தியாசமும் அங்கேயே தெரியும். ‘டெனிஸ் மி, சிஃப்ட்லிக் மி?’ என்று கேட்டால் போதும். கடலா, பண்ணையா?

இந்தச் சந்தையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு உணவகத்துக்குள் போகிறவரை ஏமாற்றுவது கடினம். அன்றைக்கு எது வந்திருக்கிறது, எது வரவில்லை, எது என்ன விலை என்பது கண்ணில் இருக்கிறது. சந்தையை ஒட்டியே, அங்கே எடுத்த மீனைச் சுட்டும் பொரித்தும் தரும் சிறு உணவகங்கள் உண்டு. அங்கிருந்து அலை தெரியாது. எதிரே ஊறுகாய்க் கடையும் ஆலிவ் கடையும்தான் தெரியும். சாப்பிடும் மீன், ஒருமுறை விற்றுத் தீர்ந்து மறுநாள் புதிதாக வரும் மீன். மீன் கடைக்கு வேகமான விற்பனையைவிட நல்ல குளிர்பெட்டி கிடையாது.

சந்தைக்கு விடுமுறை நாளும் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000-ல் வெளிவந்த ‘கிச்சன் கான்ஃபிடென்ஷியல்’ நூலில் சமையல் கலைஞர் ஆந்தனி போர்டெய்ன் திங்கட்கிழமை உணவகத்தில் மீன் கேட்காதே என்று எழுதினார். வாரக்கடைசியில் மூடிக்கிடந்த நியூயார்க் ஃபுல்ட்டன் சந்தையின் நடைமுறையை வைத்துச் சொன்னது அது. உலகம் முழுக்க அதைப் பொதுவிதியாக்கிவிட்டார்கள். பிற்காலத்தில் அவரே அதைக் கைவிடச் சொன்னார். வெனிஸில் அந்த விதி இன்றும் பொருந்தும், ஏனென்றால் ரியால்ட்டோ மீன் சந்தை ஞாயிறும் திங்களும் திறப்பதில்லை. விதி கிழமையில் இல்லை, அந்தந்த ஊர்ச் சந்தையில் இருக்கிறது.

விலை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை போதும். இத்தாலியிலும் துருக்கியிலும் முழு மீனை எடை போட்டு விற்பார்கள். இத்தாலிய மெனுவில் எழுதியிருக்கும் தொகை பெரும்பாலும் 100 கிராமுக்கானது. சமைப்பதற்கு முன் மீனைத் தராசில் வைத்து மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்துவிடலாம்.

இவ்வளவு வம்பு எதற்கு, நாலு நாள் ஓய்வுக்குப் போகிறவன் சந்தையையும் பருவத்தையும் படித்துக்கொண்டிருப்பானா என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். ஓய்வு முக்கியம்தான். கடலைப் பார்த்தபடி தேநீர் குடியுங்கள், போஸ்பரஸ் கரையில் அதற்கு நிகரான சுகம் இல்லை. ஆனால் மீனைக் கேட்டால் அது ஓய்வோடு முடிகிற காரியம் அல்ல. லூஃபர் மீனுக்கு வளரும் அளவைப் பொறுத்துப் பல பெயர்கள் உண்டு. கைநீளம்கூட இல்லாத குட்டியாக இருக்கும்போது சினெகோப், கொஞ்சம் வளர்ந்தால் சாரிகானாத், அதன்பிறகுதான் லூஃபர், மேலும் பெருத்தால் கோஃபானா. எந்த மாதமும் எந்த மேசையிலும் அதைக் கேட்கிறவர்கள் இருந்ததால் வலை குட்டிகளிலேயே நின்றது. முட்டையிடும் வயதுக்கு முன்பே மீன் சட்டிக்கு வந்தது. பிடிக்கலாம் என்ற குறைந்தபட்ச அளவு 14 சென்டிமீட்டராக இருந்தது. 2010-ஐ ஒட்டி இஸ்தான்புல்லின் சமையற்காரர்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தினரும் குட்டி லூஃபரைச் சமைக்க மாட்டோம், வாங்க மாட்டோம் என்று தெருவுக்கு வந்தார்கள். அளவை உயர்த்த வேண்டியதாயிற்று. இப்போது அது 18 சென்டிமீட்டர். போதாது என்று போராடுகிறவர்கள் இன்னும் சொல்கிறார்கள், எனக்கும் போதாது என்றே படுகிறது. தன் மீனைக் காப்பாற்ற ஓர் ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, ஜூன் மாதத்தில் கரையோர மேசையில் உட்கார்ந்து ‘சின்னதாக, இளசாக’ என்று கேட்கும் விருந்தாளியாக நாம் இருக்கக் கூடாது. மர்மராவின் கானாங்கெளுத்தி போன வழி தெரிந்தபிறகும் அப்படிக் கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே மே மாதத்தில் இஸ்தான்புல் போகிறவர் என்ன சாப்பிடலாம்? நிறைய இருக்கிறது. சிறுபடகுகளுக்கு அந்த முழுத்தடை இல்லை. அவை கொண்டுவரும் இஸ்தாவ்ரித், பாரை மீன் குடும்பத்துச் சிறுமீன், ஆண்டின் பெரும்பகுதியும் கிடைக்கும். மாவில் புரட்டி முறுகப் பொரித்தால் முள்ளோடு தின்னலாம். நம் நவரைக்கு உறவான தெகிர் இருந்தால் கேளுங்கள். லாக்கெர்தா ஒரு தட்டு சொல்லுங்கள்: போன இலையுதிர் காலத்தில் பிடித்த சூரையைத் தடித்தடியாக நறுக்கி, ரத்தம் போகக் கழுவி, உப்பில் வாரக்கணக்கில் வைத்துப் பதப்படுத்தியது, எண்ணெயும் சிவப்பு வெங்காயமும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஸ்ட்ராபோ சொன்ன அந்தச் சூரைக் கூட்டத்தின் சுவையை மே மாதத்தில் நேர்மையாகத் தர முடிந்த தட்டு அது ஒன்றுதான். முழு மீன்தான் வேண்டும் என்றால் பண்ணை லெவ்ரெக்கைப் பண்ணை மீன் என்று தெரிந்தே, பண்ணை மீனுக்கான விலையைக் கொடுத்து வாங்குங்கள். அதில் குறை ஒன்றுமில்லை. பணியாள் அதைக் கடல் மீன் என்று சொன்னால் மட்டும், காடிகோய் தட்டில் பார்த்த அதே அளவுதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, விலையை மறுபடி கேளுங்கள்.